கவனித்துக்கொள்கிறேன் டீச்சர்

ஜனவரி 8

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வாலுவின் பிறப்புச் சான்றிதழ் உன் தகரப் பெட்டியில் இருக்கிறது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு கிளம்பினாயே, அன்றைக்குப் பெட்டியோடு அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். உடனே அனுப்பி வை. வேறு எதுவும் எழுத வேண்டாம். போனும் வேண்டாம், உன் எண்ணை நான் பிளாக் செய்து வைத்திருப்பது உனக்கே தெரியும்.

எதற்கு என்று கேட்காமல் உன்னால் இருக்க முடியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவளைப் பள்ளியை மாற்றப்போகிறேன்.

நீ கொண்டுபோய்ச் சேர்த்தாயே, அதே அரசு ஆரம்பப் பள்ளிதான். சுவரும் கூரையும் நன்றாகத்தான் இருக்கின்றன. வாயைத்தான் திறக்க மாட்டார்கள். 'நாளை விடுமுறை', 'நகம் வெட்டி அனுப்பவும்', 'தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பவும்' என்று டைரியில் முத்திரை குத்தி அனுப்புவார்கள். அது நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே முத்திரை. என் பிள்ளை எப்படிப் படிக்கிறாள், யாரோடு சேர்கிறாள், சாப்பிடுகிறாளா, அழுகிறாளா என்று ஒன்றரை வருடமாக ஒரு வரி கிடையாது. ஒன்றாம் வகுப்பு டீச்சரேதான் இரண்டாம் வகுப்புக்கும் வந்திருக்கிறார். கேட்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். இரண்டு பேரும் தலையாட்டி பொம்மைகள்தான்.

குடிநீர் அலுவலகத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். காலையிலிருந்து ஊராரின் திட்டை எல்லாம் போனில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு புகார் எண் கொடுத்து, மூன்று நாளில் பதில் வரும் என்று சொல்கிறேன். குழாயில் தண்ணீர் வராதவனுக்குக் கிடைக்கிற பதில்கூட என் பிள்ளை விஷயத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

அவளும் முன்பு மாதிரி இல்லை அக்கா. உள்ளே நுழைந்ததும் வாய் ஓயாமல் பேசுவாளே, அவள் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றைச் சொன்னால் 'என்ன? என்ன?' என்று மூன்று தடவை கேட்கிறாள். டிவியை அலற விடுகிறாள். சொல்வது எதையும் காதில் வாங்குவதே இல்லை. ஏழு வயதில் இவ்வளவு திமிர் எங்கிருந்து வந்தது? பள்ளியில் என்னவோ நடக்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள்.

போன வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு படிவம் வந்தது. பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கடைசிக் கேள்வி: 'உங்கள் பிள்ளையைப் பற்றிப் பள்ளி உங்களோடு பேசுகிறதா?' நான் ஒன்று போட்டேன். பூஜ்யம் இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். அதோடு நிற்கவில்லை. டீச்சர் மேல் ஒரு புகாரும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சான்றிதழை அனுப்பு.

உன் தங்கை


ஜனவரி 14

தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் சமையலறையிலேயே நின்று பிரித்துவிட்டேன். பக்கத்தில் உப்பில்லாச் சாப்பாட்டுத் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிச் சமையலில் ஒரு நிமிடம் தாமதமானாலும் வார்டிலிருந்து நர்ஸ் வந்து நிற்பாள். நின்றாள். திட்டினாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. திட்டிக்கொண்டாவது எழுதினாயே, அதுவே போதும்.

சான்றிதழ் இங்கேதான் எங்கோ இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன். பெட்டி அடியில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது.

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போடு. பள்ளியை மாற்றாதே. அந்த டீச்சர் நல்லவர். முகத்தில் காட்டத் தெரியாதவர், அவ்வளவுதான். நேரில் பேசச் சங்கடப்படுகிறவர்கள் சில பேர் உண்டு. பிள்ளைக்கு ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு பிடித்துப்போயிருக்கிறது, பக்கத்தில் அந்தப் பல்லு விழுந்த சிநேகிதி இருக்கிறாள். இப்போது பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் வாடிப்போவாள்.

இன்னொன்று. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவளை ஒரு தடவை காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். டிசம்பரில் லாரியில் போயிருந்த மாப்பிள்ளைக்குப் போன் செய்து இதைத்தான் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் விவகாரத்துல என்னை இழுக்காதீங்கக்கா, நான் லோடு ஏத்திட்டு நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். உன்னிடம் சொன்னாரோ இல்லையோ தெரியாது. இந்த வாரமே போ. ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே.

புகாரைக் கொஞ்சம் நிறுத்தி வை. அவசரப்படாதே.

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

சான்றிதழ் கேட்டேன், உபதேசம் வந்திருக்கிறது.

இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையின் காதில் குறை கண்டுபிடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. மிட்டாய்த் தாளைப் பிரித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறாள். வேண்டாததுதான் கேட்பதில்லை. நீ அன்றைக்கும் இப்படித்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது 'பெரியம்மா' என்று அனத்தினாள் என்பதற்காக, அவள் மனசு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். பெற்றவள் நானா நீயா என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். இப்போதும் அதே பேச்சுதான், தபாலில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சா? அவள் எங்கே உட்காருகிறாள் என்று பெற்ற எனக்கே தெரியாது. உனக்கு யார் சொன்னார்கள்? பள்ளியில் உனக்கு ஒற்றர் யாராவது இருக்கிறார்களா? இதற்குப் பதில் எனக்கு வேண்டும்.

புகாரை நிறுத்தவில்லை. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் என்னைப் போல் கொதித்துப்போய்ப் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து பேர் நான் பிடித்த பிடியில் போட்டார்கள். அந்தத் தையற்காரி மட்டும், "எனக்கு டீச்சர் மெசேஜ் போடுறாங்களே" என்று இழுத்தாள். முத்திரை குத்தின நோட்டீஸைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் ஒரு பேச்சா" என்று அடக்கிவிட்டேன். பிப்ரவரி மூன்றாம் தேதி விசாரணை. டீச்சரை வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று கல்வி அலுவலகக் கிளார்க் சொல்கிறார். மாற்றட்டும்.

நேற்று நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கை எழுதுகிறது. கடைவீதியில் அவள் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. நான் கத்துகிறேன், கடைக்காரர்கள் கத்துகிறார்கள். அவள் நிதானமாக நடுத்தெருவில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். வேன்காரர் பிரேக் போட்டு நின்றபோது அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. நான் ஓடிப்போய் இழுத்து, நடுத்தெருவிலேயே கன்னத்தில் ஒன்று வைத்தேன். "அம்மா கூப்பிடுறது கேக்கல? கேக்கலையாடி?" என்று. அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அவளை யார் இப்படி ஆக்கினார்கள்?

சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பு. தேடுகிறேன் என்று கதை விடாதே. நீ எதையும் தொலைக்கிறவள் இல்லை.

உன் தங்கை


ஜனவரி 25

தங்கச்சிக்கு,

சான்றிதழ் இதோடு இருக்கிறது. தேடவே இல்லை, முதல் நாளிலிருந்து பெட்டியில் மேலாகத்தான் இருந்தது. பொய் சொன்னேன்.

உன் கடிதம் மத்தியானம் வந்தது. வேன் என்ற இடத்தில் என் உயிர் நின்றுபோய்விட்டது. இனிமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. உட்கார்ந்து படி.

எனக்கு ஒற்றர் யாரும் இல்லை. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளியில் சேர்த்த அன்று படிவத்தில் அம்மாவின் போன் எண் என்ற இடத்தில் என் எண்ணை எழுதியவள் நான். நாம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை. பிறகு நான் கிளம்பி வந்துவிட்டேன். எண் அங்கேயே இருந்துவிட்டது. டைரியில் வருவது எல்லாருக்கும் பொது. தனித்தனியாகப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, நான் இங்கே வந்த பிறகுதான், டீச்சர் போனில் மெசேஜாகப் போட ஆரம்பித்தார். அந்த மெசேஜெல்லாம் இந்தப் பதினான்கு மாதமும் எனக்கு வந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு மெசேஜ். முப்பத்தொன்றுக்கும் நான் பதில் போட்டேன். 'நன்றி டீச்சர்.' 'கவனித்துக்கொள்கிறேன் டீச்சர்.' சில தடவை அவளுக்கு எது பிடிக்கும், எதற்கு அழுவாள் என்றும் எழுதினேன். நீ போடுவதாக நினைத்துத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

முதலாவது வந்தபோது உன்னோடு சண்டை போட்டு இரண்டு வாரம். 'உங்கள் மகள் இன்று கூட்டல் கணக்கைப் பலகையில் தானே போட்டாள், கையெல்லாம் சாக்பீஸ்' என்று வந்தது. நான் இங்கே ஒண்டிக்கட்டையாக ஒரு அறையில் உட்கார்ந்திருந்தேன். எண் தப்பு என்று பதில் போடத்தான் போனை எடுத்தேன். பத்துத் தடவை படித்தேன். 'நன்றி டீச்சர்' என்று போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி, அடுத்தது வந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் நின்றுவிடுமே. அந்த முப்பத்தொரு மெசேஜைத் தவிர அவளிடமிருந்து எனக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. இதை மன்னிப்புக்காக எழுதவில்லை. இருந்ததை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் தேதி போட்டு, பின்னால் இணைத்திருக்கும் தாள்களில் என் கையால் எழுதியிருக்கிறேன். அவை உன்னுடையவை. நான் திருடி வைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் இங்கேயே எழுதுகிறேன், நீ பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். டிசம்பர் 4: 'இன்று பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை நடந்தது. உங்கள் மகளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். நானும் சில நாட்களாகக் கவனித்து வருகிறேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரிவதில்லை. உடனே காது டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை முன்னால், இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வைக்கிறேன், என் வாயைப் பார்த்தால் புரிந்துகொள்கிறாள்.'

அதற்கும் நான் போட்ட பதில்: 'கவனித்துக்கொள்கிறேன் டீச்சர்.'

எதைக் கவனித்தேன்? மாப்பிள்ளைக்கு ஒரு போன். அவர் வைத்ததும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உனக்கு உண்மையை எழுதப் பயம். ஏழு வாரம் ஓடிவிட்டது. அவள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, திமிரால் இல்லை தங்கச்சி. நீ என்ன சொல்கிறாய் என்று தேடியிருக்கிறாள்.

விசாரணைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று பதிவுத் தபாலில், விரைவுக் கட்டணம் கட்டி அனுப்புகிறேன். புகாரைத் திரும்ப வாங்கிவிடு. தப்பு டீச்சர் மேல் இல்லை.

அக்கா


ஜனவரி 28

அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

விசாரணையை முன்னால் தள்ளி இன்றைக்கே வைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் அறையில் அதிகாரி, டீச்சர், நான், கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். நன்றாகப் படித்தேன். தினம் பத்து மணி நேரம் புகார் கேட்கிறவளுக்குப் புகார் சொல்லத் தெரியாதா? டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"மெசேஜ்ல அவ்வளவு பிரியமா பேசுறீங்க. அவளுக்கு எது பிடிக்கும், எதுக்கு அழுவா, எல்லாம் சொல்றீங்க. நேர்ல பாத்தா முறைச்சிட்டுப் போறீங்க. உங்களுக்கு நேர்ல பேசக் கூச்சம்போலன்னு நானே நினைச்சுக்கிட்டேன். இப்ப நான் பேசவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

அதிகாரி போனை என் பக்கம் நகர்த்தினார். மேலே எண் இருந்தது. உன் எண்ணை என் போனிலிருந்து அழித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

அப்புறம் டிசம்பர் 4 தேதியிட்டதைப் படித்தேன். ஆறு பேர் நடுவில், நின்ற நிலையில், என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்குக் கீழே உன் பதில். நீ என்ன மனுஷி?

"இது என் நம்பர் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது. அப்படியென்றால் யாரோ முன்பின் தெரியாதவருக்கு ஒரு பிள்ளையின் விவரத்தை எல்லாம் ஒரு வருடத்துக்கு மேலாக அனுப்பியிருக்கிறீர்களா என்று அதிகாரி டீச்சரைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். அது யார் எண் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பிள்ளையைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்று அந்த அறையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

நாளை காலை டாக்டரிடம் போகிறோம். இனி எனக்கு எழுதாதே.


பிப்ரவரி 2

தங்கச்சிக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால் அந்த அறையில் நீ அப்படி நின்றிருக்க மாட்டாய். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நேற்று சர்க்கரை நோயாளி தட்டில் இனிப்பு வைத்துவிட்டேன், நல்லவேளை நர்ஸ் பார்த்துவிட்டாள்.

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான். அதிகாரிக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். அந்த எண் என்னுடையது, நான்தான் தாய் என்று ஏமாற்றிப் பதில் போட்டேன், டீச்சருக்கும் உனக்கும் எதுவும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டால் வந்து நிற்பேன். டீச்சருக்கு மெசேஜில் உண்மையைச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அந்த வழியாக இனி ஒரு வார்த்தை நான் எழுதக் கூடாது என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார்? கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு தபால் அட்டையில் இரண்டே வார்த்தை எழுது. 'சரியாகும்' அல்லது 'சரியாகாது'. பெயர் போட வேண்டாம், ஒன்றும் போட வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

சரியாகும்.

இரண்டே வார்த்தை கேட்டாய், ஒன்றே போதும். ஆனால் எனக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

சளி முற்றி இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதாம். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்பது மாதிரி இருக்கும் என்றார் டாக்டர். மூன்று வாரம் மருந்து. நீர் வற்றினால் சரி, இல்லையென்றால் சின்னதாகத் துளை போட்டு எடுக்க வேண்டும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதான் வந்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. தினமும் காலையில் அவளுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். இன்னும் திரும்பவில்லை. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா.

டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, அவள் கன்னத்தைத் தடவி, "அன்னிக்கு அம்மா அடிச்சது தப்பு" என்றேன். "என்ன?" என்றாள். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். படியேறி வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உன் தாள்களைப் படித்தேன். முதலில் படிக்கக் கூடாது என்று அலமாரியில் வைத்தேன். மறுநாள் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கையெல்லாம் சாக்பீஸ். பல்லு விழுந்தவளோடு சண்டை, பிறகு சமாதானம். 'என் அம்மா போனிலேயே ஊருக்குத் தண்ணீர் விடுவார்' என்று வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டாளாம். அதை நீ எனக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதற்காக உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. சீக்கிரம் போகாது, சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம். படிவத்தில் உன் எண்ணை எழுதியது நீ என்று உன் தலையிலேயே போட்டுக்கொண்டாய். பஸ்ஸில் திடீரென்று ஞாபகம் வந்தது. பள்ளியில் சேர்க்கிற அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நீ அங்கிருந்து எங்கள் அலுவலகப் புகார் எண்ணுக்கே போன் செய்து எந்த எண்ணைப் போடுவது என்று கேட்டாய். "என் போனைத்தான் ஆபீஸ்ல லாக்கர்ல வச்சுடுவாங்களே, ஒரு அவசரம்னா யார் எடுக்கிறது? உன் நம்பரையே குடுத்துடுக்கா" என்று சொன்னவள் நான். உனக்கு அது மறந்திருக்காது. நீ எதையும் தொலைக்கிறவள் இல்லை. அதை ஏன் எழுதவில்லை?

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி உன் கடிதத்தை எடுத்துக் காட்டினார். 'தங்கைக்கு எதுவும் தெரியாது' என்ற இடத்தை விரலால் காட்டி, அது சரியில்லை, எண்ணைக் கொடுக்கச் சொன்னது நான், மாற்ற மறந்ததும் நான், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பத்தொன்பது வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னேன். தையற்காரி கதவருகே நிற்க வைத்தே, "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள். சொன்னாள்தான். டீச்சரின் நோட்டீஸை ரத்து செய்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தப் பேனாவை நான் எடுத்திருக்கக் கூடாது என்று தினமும் அடித்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் கேட்டில் டீச்சரிடம் போனேன். தலையாட்டவில்லை, பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது, அழுதுகொண்டே பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மெசேஜ்ல பேசினது பெரியம்மாவா?" என்றார். என்னை வகுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஒரு புதுப் படிவத்தை நீட்டினார். முதல் வரியில் என் எண்ணை எழுதினேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்து பார்க்க மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இரண்டாவது வரியில் 'அவசரத்துக்கு' என்று இருந்தது. யோசித்தேன். நிறைய நேரம் யோசித்தேன். உன் எண்ணை எழுதினேன். உறவு: பெரியம்மா.

ஆனால் இனிமேல் பதில் போடுவது நான். ஞாபகம் இருக்கட்டும்.

உன் தங்கை


மார்ச் 9

தங்கச்சிக்கு,

இன்று காலை பத்து மணிக்கு மெசேஜ் வந்தது. உனக்கும் வந்திருக்கும். 'நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள். இன்னொரு நல்ல செய்தி. இன்று உங்கள் மகளைப் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பினாள்.'

மருந்தை இன்னும் மூன்று வாரம் நீட்டியிருக்கிறார்கள் என்று உன் கார்டு வந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். பருப்புக் குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதில் போட விரல் துறுதுறுத்தது. போடவில்லை. உனக்குக் கொடுத்த வாக்குக்காகப் போனைத் துணியில் சுற்றி அரிசி டப்பா மேல் வைத்துவிட்டேன். மத்தியானம் ஆகிறது. நீ லாக்கரைத் திறந்தாயா? பார்த்தாயா? டீச்சர் காத்துக்கொண்டிருப்பார், நல்லபடியாக நாலு வரி போடு, வெறும் நன்றியோடு நிறுத்திவிடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலு நாள் ஆகும் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், வேறு என்ன செய்ய?

இங்கே எழுதும்போது போன் அடித்தது. துணிக்குள்ளிருந்து எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று பதறி டப்பாவைத் தட்டிவிட்டேன், சமையலறை முழுக்க அரிசி.

நீதான். பதினாறு மாதம் கழித்து உன் குரல். அழுவாயோ திட்டுவாயோ என்று நான் பயந்தால், நீ கேட்ட முதல் கேள்வி, "அக்கா, டீச்சருக்கு என்ன பதில் போடுறது?"

'கவனித்துக்கொள்கிறேன்' என்று மட்டும் போடாதே என்று சொன்னேன். நீ சிரித்தாய். டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு, பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று சொல்லிப் போனை அவளிடம் கொடுத்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு எட்ட வேண்டுமே என்று இருந்த குரலை எல்லாம் திரட்டிக் கத்தினேன். "வாலு! பெரியம்மா பேசுறேன்டி! கேக்குதா?" வார்டு நர்ஸ் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"கத்தாத பெரியம்மா. எனக்குக் கேக்குது."

அக்கா